மூன்றாம் முறை மெட்ரிக் தேறியவர்

மருந்து மேதை டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கை

கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அதில் இரும்போடு போலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. யானைக்கால் நோய் பரவாமலிருக்கச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து ஒரு மாத்திரையை விழுங்கச் சொல்கிறார்கள். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு மெதோடிரெக்சேட் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள். 1994-ல் சூரத் நகரில் பிளேக் பீதி கிளம்பியபோது மக்கள் மருந்துக் கடைகளில் முட்டி மோதி வாங்கியது டெட்ராசைக்ளின்.

இந்த நான்கு மருந்துகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நான்கின் கதையும் ஒரே மனிதர் தலைமை வகித்த ஆராய்ச்சிக்கூடத்தில் தொடங்குகிறது. அவர் கோதாவரிக் கரைச் சீமையில் பிறந்த தெலுங்கர். படித்தது சென்னையில், திருவல்லிக்கேணி பள்ளிக்கூடத்தில்! அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓடிய சிறுவன்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டதால் காலத்துக்கு முன்பே வேலையை விட்டார். தாயார் பெயர் வெங்கம்மா. வீட்டில் 7 பிள்ளைகள். வருமானம் நின்றது, வயிறுகள் நிற்கவில்லை.

சுப்பாராவுக்கு அப்போது படிப்பில் அவ்வளவாகப் பிடிப்பு இல்லை. 13 வயதில் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சம்பாதிக்கலாம் என்பது அவர் திட்டம். தாயார் ஆள் அனுப்பி மீட்டு வந்தார். மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

ராஜமுந்திரியில் படித்து மெட்ரிகுலேஷன் எழுதினார், தவறினார். மறுமுறையும் தவறினார். இதற்கிடையே தந்தையும் காலமானார். வேறு ஒருத்தியாக இருந்தால், இனி இவன் எங்காவது கணக்கு எழுதிப் பிழைக்கட்டும் என்று விட்டிருப்பாள். வெங்கம்மா அப்படி விடவில்லை. நகைகளை விற்று மகனைச் சென்னைக்கு அனுப்பினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறை எழுதி மெட்ரிக் தேறினார்.

துறவியா, டாக்டரா?

பின்னர் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். அந்த நாளில் அவர் மனம் ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் திரும்பியது. சந்நியாசம் வாங்கி ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். தாயார் சம்மதிக்கவில்லை. தாயின் சம்மதம் இல்லாமல் மடத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது. தொண்டு செய்வதுதான் எண்ணமானால் வைத்தியம் படிக்கலாமே என்று மடத்தில் யோசனை சொன்னார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

சம்பளம் கட்ட நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவர் பெரும் உதவி செய்தார். அவருடைய மகள் சேஷகிரியைத்தான் 1919-ல் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தி மகானின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியை ஒதுக்குங்கள் என்ற அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதரில் தைத்த அங்கியை அணிந்து சென்றார் சுப்பாராவ். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்ற வெள்ளையருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், முழுப் பட்டமான எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கையில் கொடுக்கப்பட்டது. சென்னை அரசு மருத்துவப் பணியில் சேர முயன்றார். அதிலும் இடம் கிடைக்கவில்லை.

சில நாளில் இரண்டு சாவு

உத்தியோகத் தோல்வியைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. அவருடைய சகோதரர்களில் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். மூத்தவரான புருஷோத்தமைக் கொண்டுபோனது ஸ்புரூ என்னும் கிராணி நோய். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. ஓயாத பேதி, வாய்ப்புண், இரத்தம் வெளிறி, ஆள் எலும்பும் தோலுமாகி விடுவார். காரணம் என்ன என்று அன்று உலகில் எந்த டாக்டருக்கும் தெரியாது.

பின்னர் அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி அளித்த சிகிச்சையில் பிழைத்தார். இந்த லட்சுமிபதியின் மனைவிதான் உப்புச் சத்தியாக்கிரக வீராங்கனை ருக்மிணி லட்சுமிபதி. சென்னை எழும்பூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.

லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு போதிக்கும் வேலை சுப்பாராவுக்குக் கிடைத்தது. பகலில் பாடம், மற்ற நேரத்தில் ஆயுர்வேத மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்ற ஆராய்ச்சி. குணமாகிறது என்பது தெரிந்தது. ஏன் குணமாகிறது என்பது தெரியவில்லை. அதைக் கண்டறிய ரசாயனம் வேண்டும், கருவிகள் வேண்டும், பெரிய பல்கலைக்கழகம் வேண்டும். அமெரிக்கா போவது என்று தீர்மானித்தார்.

காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமம் பண உதவிக்கு முன்வந்தது. மாமனாரும் கொடுத்தார். 1920-களின் முற்பகுதியில் சுப்பாராவ் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பி விடுவதாகத்தான் புறப்பட்டார்.

இரவில் ஆஸ்பத்திரி வேலை

பாஸ்டன் நகரில் இறங்கியபோது கையில் இருந்தது சொற்பப் பணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல நோய்ப் பள்ளியில் சேர்ந்தார். எல்.எம்.எஸ். படிப்பை வைத்து அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. அதனால் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவுக் கூலி வேலைக்குப் போனார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. சென்னையில் மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஒரு டாக்டர், பாஸ்டனில் இரவெல்லாம் அந்த வேலை செய்தார். காலையில் வகுப்புக்குப் போனார். ஊரில் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர் வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

படிப்பு முடிந்ததும் ஹார்வர்டிலேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய உண்மையான வாழ்வு தொடங்கியது.

நீல நிறம் சொன்ன கணக்கு

உடம்பில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அன்று எளிய வழி இல்லை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஒரு முறையைக் கண்டார்கள். இரத்தத்திலோ சிறுநீரிலோ எடுத்த மாதிரியில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் கூடினால் நீலம் கூடும். நிறத்தை ஒப்பிட்டே அளவைச் சொல்லி விடலாம். 1925-ல் வெளியான இந்த முறை ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர் பெற்றது. உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் தெரிந்த பெயர் அது.

இந்த அளவுகோல் கையில் வந்ததும் தசையைச் சோதித்தார்கள். தசை எந்தச் சக்தியால் சுருங்குகிறது? லாக்டிக் அமிலத்தால்தான் என்று அன்று உலகம் நம்பியது. அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஹில், மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. ஆனால் 1927-ல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசைக்குள் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பழைய கொள்கை ஆட்டம் கண்டது.

ஏ.டி.பி. என்பது என்ன? உயிரணுவின் சில்லறைக் காசு என்று வைத்துக் கொள்ளலாம். நாம் தின்னும் சோறும் பருப்பும் பெரிய நோட்டு மாதிரி. அதை அப்படியே நீட்டி உடம்புக்குள் எதையும் வாங்க முடியாது. ஏ.டி.பி.யாக மாற்றிய பிறகுதான் தசை சுருங்கும், மூளை நினைக்கும், காயம் ஆறும். உடம்பில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. மிகக் குறைவுதான். ஆனால் செலவாகி, மறுபடி உண்டாகி, மறுபடி செலவாகி, ஒரு நாளில் புழங்கும் மொத்த அளவு ஏறக்குறைய மனிதனின் எடைக்கே சமமாகும்! மனிதனுக்கு மட்டுமல்ல; மரத்துக்கும் கிருமிக்கும் இதே காசுதான். மூலக்கூறு உயிரியல் படிக்க வரும் மாணவன் முதல் வருஷத்திலேயே சந்திக்கும் பொருள் இது.

ஹார்வர்டில் இடம் இல்லை

1930-ல் சுப்பாராவுக்கு பி.எச்.டி. பட்டம் கிடைத்தது. ஆனால் நிரந்தரப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. ஃபிஸ்கேயின் பதவி உயர்வுக்காகத் தன் பங்கைக் குறைத்துச் சொல்லி எல்லாப் பெருமையையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார் என்று சுப்பாராவின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அந்தப் பெருந்தன்மைக்குக் கைம்மாறு வரவில்லை. சுப்பாராவ் கண்ட சில உண்மைகளை ஃபிஸ்கே பொறாமையால் வெளிவராமல் செய்தார் என்றும், அவற்றை மற்றவர்கள் பல ஆண்டு கழித்து மறுபடி கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் அதே துறையில் உடன் வேலை பார்த்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். ஹிட்சிங்ஸ் சாதாரண ஆள் அல்ல. 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்.

சுப்பாராவ் மனம் உடையவில்லை. ஈரலில் இரத்தத்தை விருத்தி செய்யும் சத்து இருக்கிறது என்று அறிந்து, அதைப் பிரித்தெடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் செலவிட்டார். 1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலம் பெர்ல் ரிவரில் உள்ள லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். விரைவிலேயே ஆராய்ச்சிப் பிரிவு முழுவதற்கும் தலைவரானார். பல்கலைக்கழகம் கொடுக்காத இடத்தைக் கம்பெனி கொடுத்தது.

குன்னூரில் தொடங்கிய கதை

ஈரலில் இருந்த சத்துகளில் ஒன்றுதான் போலிக் அமிலம். இதன் முன்கதை நம் நாட்டில் நடந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் இரத்தசோகையால் இறந்து கொண்டிருந்தார்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1928 முதல் அதன் காரணத்தைத் தேடினார். பம்பாயிலும் நம் குன்னூரிலும் ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அதைக் குணமாக்குகிறது என்று கண்டார். அது என்ன சத்து என்று மட்டும் தெரியவில்லை.

அந்தச் சத்தைத் தனியே பிரித்து, 1945-ல் ஆராய்ச்சிக்கூடத்திலேயே செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் குழு. டாக்டர்கள் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த நோயாளிகளுக்குத் தெரியுமா? ஸ்புரூ நோயாளிகளுக்கும்தான்! நாக்குப் புண் ஆறியது; பசி எடுத்தது; இரத்தம் ஊறியது. சகோதரனைக் கொன்று, தன்னையும் கொல்லப் பார்த்த கிராணிக்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகு சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடம் மருந்து கொடுத்தது.

பூட்டுக்குப் போலிச் சாவி

உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிதாக டி.என்.ஏ. தயாரிக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் அவசியம். இரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் அடங்காமல் பெருகுகின்றன. அப்படியானால் போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, ஆனால் வேலை செய்யாத ஒரு பொருளை அந்த அணுக்களுக்குக் கொடுத்தால் என்ன? பூட்டுக்குள் நுழைந்து திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி போல அது அணுவின் வேலையை நிறுத்தி விடும் அல்லவா?

சுப்பாராவின் குழு அத்தகைய பொருள்களைத் தயாரித்து, பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சிட்னி ஃபார்பருக்கு அனுப்பியது. அவற்றில் அமினோப்டெரின் என்பதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார் ஃபார்பர். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. 1948 ஜூனில் இந்தச் செய்தி வெளியாயிற்று. தணிவு தற்காலிகமானதே, நோய் திரும்பி வந்தது. ஆனாலும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்க முடியும் என்று உலகம் அன்றுதான் அறிந்தது. அமினோப்டெரினின் தம்பிதான் மெதோடிரெக்சேட். புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றைக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள்.

யானைக்காலுக்கும் மருந்து

இரண்டாம் உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்களை யானைக்கால் கிருமி தாக்கியது. தஞ்சாவூரிலும் கோதாவரிச் சீமையிலும் ஏழைகளின் காலை வீங்க வைத்த அதே வகை நோய். சுப்பாராவின் கூடத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்து 1947-ல் ஹெட்ரசான் என்ற மருந்தைக் கண்டார்கள். டி.இ.சி. என்று சுகாதார ஊழியர்கள் சொல்லும் மாத்திரை இதுதான்.

மண்ணிலிருந்தும் ஒரு மருந்து வந்தது. சுப்பாராவின் கூடத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவர இயல் அறிஞர் பணியாற்றினார். பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்று, 70 வயதைத் தாண்டியபின் வேலைக்கு வந்தவர். பல ஊர் மண்ணை வரவழைத்துச் சோதித்ததில், மிசௌரி மாநில மண்ணிலிருந்த ஒரு பூஞ்சணம் போன்ற கிருமி பொன்னிறமான மருந்தைச் சுரப்பதைக் கண்டார். 1948-ல் ஆரியோமைசின் என்ற பெயரில் அது வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது.

திரும்பாத பயணம்

இத்தனைக்கும் நடுவில் சுப்பாராவ் ஒரு நாளும் இந்தியா திரும்பவில்லை. முதலில் பணம் இல்லை. பிறகு வேலை விடவில்லை. ஊரில் சேஷகிரி அம்மாள் காத்திருந்தார். அவர்களுக்குப் பிறந்த ஒரே ஆண் குழந்தை ஒரு வயது நிறையுமுன் நோயில் இறந்தது. கணவரை மறுபடி பார்க்கும் பாக்கியம் அந்த அம்மாளுக்குக் கிட்டவில்லை. உலகத்துக்குக் கிடைத்த மருந்துகளுக்கு அந்த வீடு கொடுத்த விலை அது. அதைச் சொல்லாமல் விட்டால் சுப்பாராவின் வரலாறு நிறைவு பெறாது.

பல ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் அமெரிக்கப் பிரஜை ஆகவில்லை. பத்திரிகைகளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. உடன் உழைத்தவர்களை முன்னால் நிறுத்தித் தாம் பின்னால் நின்றார். 1948 ஆகஸ்டில் ஓர் இரவு தூக்கத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர் பிரிந்தது. வயது 53. இந்தியா சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையப் போகும் நேரம்.

நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. ஒரு பூஞ்சண இனத்துக்கு சுப்பாரோமைசிஸ் என்று அறிஞர்கள் பெயரிட்டார்கள். நூற்றாண்டு விழாவை ஒட்டி 1995-ல் இந்தியத் தபால் இலாகா தபால்தலை வெளியிட்டது.

இன்று ஹைதராபாத்தில்

சுப்பாராவ் கப்பலேறித் தேடிப்போன படிப்பு இன்று ஹைதராபாத்தில் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. 1918-ல் குன்னூரில் தொடங்கிய சத்துணவு ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் இங்கே மாற்றப்பட்டது. தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிலையமாக இயங்குவது அதுதான். அதற்குப் பக்கத்தில் ஹப்சிகூடாவில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம். சி.சி.எம்.பி. என்று எல்லோரும் சொல்வார்கள். டாக்டர் புஷ்ப பார்கவா 1977-ல் தொடங்கியது. மரபணு ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையை இந்தியாவுக்கு ஏற்ப உருவாக்கிய டாக்டர் லால்ஜி சிங் இங்கே இருந்தவர்தான். கச்சிபவுலியில் 1974-ல் நிறுவப்பட்ட மத்திய பல்கலைக்கழகம் இருக்கிறது. உஸ்மானியாவும் இருக்கிறது.

பிளஸ் டூவில் விஞ்ஞானம் எடுத்து, பி.எஸ்ஸி. முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்ஸி. சேரலாம். அதன்பின் ஜே.ஆர்.எப். என்ற தேசியத் தேர்வில் தேறினால் பி.எச்.டி. படிக்க அரசாங்கமே மாதச் சம்பளம் போல உதவித்தொகை தருகிறது. 2023-ல் அது 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மருந்து, தடுப்பூசித் தொழிற்சாலைகள், நோய் கண்டறியும் பரிசோதனைக் கூடங்கள், போலீசுக்கு உதவும் மரபணுச் சோதனைக் கூடங்கள், கல்லூரி ஆசிரியர் வேலை என்று வழிகள் பல. ஆனால் இது நீண்ட பாதை. எம்.எஸ்ஸி.யோடு நின்றால் வேலையும் சம்பளமும் சுமாராகத்தான் இருக்கும். முப்பது வயதுவரை பிள்ளை படித்துக் கொண்டிருப்பதைப் பொறுக்கும் மனம் பெற்றோருக்கு வேண்டும்.

பையன் ஒரு பரீட்சையில் தவறி விட்டான் என்பதற்காக அவனைப் படிப்பிலிருந்து நிறுத்தி ஏதாவது ஒரு கடையில் சேர்த்துவிடும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. பீமவரத்து வெங்கம்மா இரண்டாவது தோல்வியோடு நிறுத்தியிருந்தால் மகன் காசிப் படித்துறையில் வாழைப்பழம் விற்றிருப்பான்; அதுவும் நேர்மையான பிழைப்புதான். ஆனால் அந்தத் தாய் மூன்றாவது முறைக்கும் பணம் கட்டினார்.